டெல்லிக்குக் காட்ட வச்சிருந்த தண்ணி

உக்காருங்க தம்பி. ஜன்னல் பக்கம் வேணுமா? வேணாமா, சரி. இந்தப் பை என்னுதுதான், மடியிலயே வச்சுக்கிறேன். மேல வைக்கச் சொன்னாரு கண்டக்டரு, நான்தான் மாட்டேன்னுட்டேன். இந்த ரோட்டுல பஸ்ஸு குலுங்குற குலுங்கலுக்கு முடிச்சு அவுந்து கொட்டுச்சுன்னா யாரு பொறுக்குறது? அரிசி தம்பி. தூயமல்லி. என் அரிசி. ஊரு பூரா முங்கிப் போன வருசத்துல நான் ஒருத்தன் காப்பாத்தி எடுத்த அரிசி.

நீங்க மருந்துக் கம்பெனியா? பையப் பாத்தாலே தெரியுது. டையக் கழட்டிச் சட்டைப் பையில சுருட்டி வச்சிருக்கீங்களே, அதுவும் தெரியுது. கோயமுத்தூரா! அப்ப உங்களுக்குச் சோறு தெரியும், நெல்லு தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் மருந்து தெரியாது, மாத்திரை மட்டும்தான் தெரியும். ஆலங்கரை வர நேரம் கெடக்கு, நான் சொல்றேன் கேளுங்க.

ஆலங்கரைக்குத்தான் போறேன். என் சம்சாரம் அங்க அவ அண்ணன் வீட்டுல இருக்கா. அழைச்சிட்டு வரப் போறேன். அதோ, கண்டக்டரு சிரிக்கிறாரு பாருங்க. அது ஒண்ணும் இல்ல. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ இதே பஸ்ஸுல ஆலங்கரைக்கு டிக்கெட்டு எடுத்தேன், எறங்கல. ஒரு தடவ தூங்கிட்டேன். இன்னொரு தடவ மழை. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயி ஒரு டீயக் குடிச்சிட்டு அதே பஸ்ஸுல திரும்பிட்டேன். மனுசன்னா தூங்க மாட்டானா? மழைன்னா நனையணுமா?

ஆனா ஒண்ணு, பணத்துக்காகப் போறேன்னு மட்டும் நெனச்சிராதீங்க. எங்க ஊரு மருதங்குடியில அப்படித்தான் பேசிக்கிறானுங்க. வெள்ள நிவாரணம் வந்துருச்சு, அது பொண்டாட்டி கணக்குல ஏறிருச்சு, அதான் வைரக்கண்ணு வேட்டியத் தொவைச்சுக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான்னு. நெலம் அவ பேர்ல இருக்கு தம்பி, அதனால அவ கணக்குல ஏறுது. நெலத்த வாங்குனது என்னமோ நான்தான். சோசியர்தான் என் பேர்ல மண்ணு ஆவாதுன்னுட்டாரு. அதனால தையல்நாயகின்னு அவ பேர்ல எழுதுனேன். நான் தையலுன்னு கூப்புடுவேன். பட்டா அவ பேர்ல, பாடு என் பேர்ல. இது எங்கயும் உள்ளதுதான்.

பணம் ஏறுன அன்னிக்கே அவ என்ன பண்ணா தெரியுமா? அங்கேருந்தே நேரா சொசைட்டிக்குப் போயி, பயிர்க்கடன்ல அதக் கட்டிட்டா. என்னை ஒரு வார்த்த கேக்கல. அவ அண்ணன் அம்பிகாபதி மச்சான்தான் போன் போட்டுச் சொன்னாரு, "மாப்ள, தங்கச்சி கடனக் கட்டிட்டு வந்துருச்சு, உங்ககிட்ட சொல்லச் சொல்லுச்சு"ன்னு. அப்புறம் நான் எந்தப் பணத்துக்குப் போவப் போறேன், நீங்களே சொல்லுங்க. 

சரி, வெள்ளத்துக்கு வாரேன்.

பொங்கல் முடிஞ்சு சம்பா அறுப்புக்கு நிக்கிது. கதிரு பழுத்து, இன்னிக்கு மிஷின் வரும் நாளைக்கு மிஷின் வரும்னு பாத்துக்கிட்டு இருக்கோம். அந்த நேரத்துல மழை பெய்யலாமா? பெய்யக் கூடாது. பெஞ்சுது. விடாமப் பெஞ்சுது. நெல்லு எல்லாம் தலையச் சாய்ச்சுப் படுத்துருச்சு. படுத்த நெல்லுல தண்ணி நின்னா என்ன ஆவும்? மொளைச்சுரும். கதிருல இருந்தபடியே பச்சையா மொளை கெளம்பிரும். நான் இப்ப சிரிச்சுக்கிட்டே சொல்றேன், அன்னிக்கு வரப்புல உக்காந்து அழுதேன்.

அப்பதான் சேதி வந்துச்சு, டெல்லியிலேருந்து ஆளுங்க வெள்ளச் சேதம் பாக்க வர்றாங்கன்னு. அவங்க பாத்து எழுதிக்கிட்டுப் போனாத்தான் நிவாரணம். எங்க ஊரு வி.ஏ.ஓ. ஒரு சின்னப் பொண்ணு, தர்மபுரிப் பக்கம், நல்ல பொண்ணு. அது பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல எல்லாரையும் கூப்புட்டு, "ஊர்ல ஒரு எடத்துலதான் கார் நிக்கும். ரோட்டோரமா, சேதம் நல்லாத் தெரியிற வயலா ஒண்ணு சொல்லுங்க"ன்னுச்சு.

நல்லாத் தெரியிற வயலு! தம்பி, என் வயலு ரோட்டோரம். அதுக்கு அடுத்தது எங்க பங்காளி பக்கிரிசாமி வயலு. அதுவும் ரோட்டோரம். நானும் அவனும் பொறந்ததுலேருந்து போட்டி. என் நாத்து ஒசத்தியா உன் நாத்து ஒசத்தியா, உனக்கு எத்தன மூட்ட எனக்கு எத்தன மூட்டன்னு இதேதான். அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, அவன் எந்திரிச்சு, "என் வயலுதான் ரொம்ப மோசம், ஒரு கதிருகூடத் தேறாது"ங்கிறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "டேய், உன் வயலு ஒரு சேதமா? என் வயலப் பாரு, மீனு ஓடுது"ன்னேன். அவன் "என் வயல்ல பாம்பு நீந்துது"ன்னான். ஊரே சிரிக்குது. வி.ஏ.ஓ. பொண்ணு வாயப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குது. கடைசியில என் வயலுதான்னு முடிவாச்சு. ஏன்னா அது பள்ளம், தண்ணி அதிகம், கார் நிறுத்தவும் எடம் இருக்கு. எனக்குப் பெருமை தாங்கல. வீட்டுக்கு வந்து, "தையலு, நம்ம வயலத்தான் டெல்லி பாக்கப் போவுது"ன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. "எப்ப?"ன்னா. வியாழக்கிழமைன்னேன். "அது வரைக்கும் தண்ணிய வடிக்காம வச்சிருக்கப் போறீங்களா?"ன்னா. பின்ன? தண்ணிய வடிச்சிட்டு வெள்ளத்த எங்க காட்டுறது?

வியாழக்கிழமை வரல. சனிக்கிழமைன்னாங்க. சனிக்கிழமையும் வரல. திங்கக்கிழமைன்னாங்க. இதுக்குள்ள மழை விட்டு வெயிலு வந்துருச்சு. ஊர்ல எல்லாவனும் வரப்ப வெட்டித் தண்ணிய வடிகால் வாய்க்கால்ல எறக்கிவிட்டுட்டான். பக்கிரிசாமியும்தான். வடிஞ்ச வயல்ல மிஷின எறக்கித் தேறுனத அறுக்குறானுங்க. நான் மட்டும் தண்ணியக் காத்துக்கிட்டு நிக்கிறேன். ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம், "என்ன வைரக்கண்ணு, டெல்லி கெளம்பிருச்சா?"ன்னு கேட்டுட்டுப் போறான். கேட்டா கேட்டுட்டுப் போ. ஊருக்காக நிக்கிறவனுக்கு இதெல்லாம் உள்ளதுதான்.

வெயிலு அடிக்க அடிக்கத் தண்ணி கொறையிது. அங்கங்க திட்டுத் திட்டாச் சேறு தெரியிது. இப்படி இருந்தா டெல்லிக்காரன் என்ன நெனைப்பான்? அதனால வாய்க்கால்லேருந்து இஞ்சினப் போட்டுக் கொஞ்சம் தண்ணி விட்டேன். சிரிக்காதீங்க தம்பி. கொஞ்சம்தான் விட்டேன். அன்னிக்குத் தையலு ரோட்டுல நின்னு பாத்துட்டு, "முங்குன நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சுற வெவசாயிய இந்த ஒலகத்துலயே இப்பதான் பாக்குறேன்"னா. அவளுக்கு எப்பவும் வாய் கொஞ்சம் நீளம். ஆனா ஒண்ணு சொல்லணும், எங்க இஞ்சின் நல்ல இஞ்சின். நான் பொழுதெல்லாம் ஓடணும்னு நெனச்சேன், வயலு சட்டுன்னு ரொம்பிருச்சு. பாதி வயலுக்குப் பாய்ச்சுன நேரம்தான் ஆச்சு, முழு வயலும் ரொம்பிருச்சுன்னா பாத்துக்குங்க.

அவ கோவம் எனக்குத் தெரியாம இல்ல. வயலோட பின்கோடியில, வடிகால் ஓரமா, ஒரு பெரிய துண்டு அவளோடது. தூயமல்லி போட்டிருந்தா. விக்கிறதுக்கு இல்ல, வீட்டுச் சோத்துக்கு. நாத்து விட்டது, நட்டது, களையெடுத்தது எல்லாம் அவதான், நான் அந்தப் பக்கம் போறதே இல்ல. அதுவும் தண்ணியிலதான் கெடந்துச்சு. "முன்னாடி உள்ளத வச்சுக்குங்க, பின்னாடி உள்ளத வடிச்சு விடுங்க"ன்னா. ஒரே வயலு, ஒரே தண்ணி, பின்னாடி வெட்டுனா முன்னாடி நிக்குமா? அதச் சொன்னேன். அதோட விட்டாளா? அந்த வாரம் பூரா சோறு நேரத்துக்கு வரல. பொழுது சாயறப்ப வருவா, முழங்கை வரைக்கும் சேறு. எங்க போனேன்னா, கீரை பறிக்கப் போனேன்பா. கீரையும் இருக்காது. போதாக்கொறைக்கு வீட்டுல இருந்த மம்பட்டியக் காணோம். பக்கிரிசாமி பொண்டாட்டிதான் எரவல் வாங்கிட்டுப் போயிருப்பான்னு நான் அவ வீட்டு வாசல்ல போயிச் சத்தம் போட்டு, அது ஒரு சண்டை.

அதெல்லாம் கெடக்கட்டும். திங்கக்கிழமை வந்துச்சு.

நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு, நெத்தியில துன்னூறு. ரோட்டோரம் போயி நின்னேன். வி.ஏ.ஓ. பொண்ணு ஓடி வந்து, "ஐயா, கல்யாணத்துக்கா வந்திருக்கீங்க? பழைய துணிய உடுத்திக்கிட்டு வாங்க, வயல்ல எறங்கி மொளைச்ச கதிரத் தூக்கிக் காட்டணும்"னுச்சு. அது சொல்றதும் ஞாயம்தான். வீட்டுக்கு ஓடுனேன். பழைய வேட்டிய எங்க வச்சிருக்கான்னு தெரிய மாட்டேங்குது, இவளையும் வீட்டுல காணோம். பெட்டியக் கவுத்து, கொடியத் தேடி, ஒரு அழுக்கு வேட்டியக் கண்டுபிடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வாரேன், ரோட்டுல கார் நிக்கிது. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா நிக்கிது. 

என் வயலச் சுத்திக் கூட்டம். நடுவுல யாரு நிக்கிறான்னு நெனைக்கிறீங்க? தையலு!

வயலோட பின்கோடியிலேருந்து தண்ணிக்குள்ளயே நடந்து வந்திருக்கா. புடவைய இழுத்துச் சொருகி, உடம்பெல்லாம் சேறு, கையில ஒரு கத்தக் கதிரு. அவளுக்கு அங்க என்ன வேலைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. டெல்லிக்காரரு கண்ணாடி போட்ட பெரிய மனுசன், பேன்ட்டு நனையாம வரப்பு மேல நின்னுக்கிட்டு ஏதோ கேட்டாரு. பக்கத்துல நின்ன ஆபீசரு அதத் தமிழ்ல கேட்டாரு, "ஏம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"னு. இவ என்ன சொன்னாங்கிறீங்க? "பாத்துட்டீங்கள்ல? இனிமே தண்ணிய வடிச்சுக்கலாமா?"ன்னு கேட்டா.

நெசமாத்தான். நான் ஓடி வந்த எரைப்புல ரோட்டுல நின்னு என் காதால கேட்டேன். அவ்வளவுதான் சொன்னா. அந்த ஆபீசரு அத இங்கிலீசுல சொன்னாரு பாருங்க, ரொம்ப நேரம் சொன்னாரு. என்னத்தச் சேத்துச் சொன்னாரோ, டெல்லிக்காரரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு இவளப் பாத்து ரெண்டு கையையும் கூப்புனாரு. போட்டோ எடுத்தாங்க. கார் ஏறிட்டாங்க. நான் வந்து கதிரப் புடுங்கித் தலைக்கு மேல தூக்குறப்ப கடைசிக் காரோட பின்பக்கம்தான் தெரியுது.

மறுநாள் பேப்பர்ல படம் வந்துச்சு. அதுக்குக் கீழ என்ன போட்டிருந்தான்? "சேற்றில் இறங்கிக் கதறிய பெண் விவசாயி." கதறுனாளா? என்மேல உள்ள கோவத்துல மொறைச்சுக்கிட்டு நிக்கிறா, அது அவனுக்குக் கதறலாத் தெரிஞ்சிருக்கு. படத்துல நானும் இருக்கேன். ஓரத்துல, பாதி. ஒரு துண்டும் ஒரு முழங்காலும். டீக்கடையில அந்தப் படத்த ஒட்டி வச்சு, "இந்த முட்டி யாரு முட்டி?"ன்னு பக்கிரிசாமி போறவன் வர்றவனக் கேக்குறான்.

நீங்களே சொல்லுங்க தம்பி. வெயில்ல நின்னது யாரு? தண்ணியக் காத்தது யாரு? ஊரு சிரிப்ப வாங்குனது யாரு? கோவம் வருமா வராதா? வந்துச்சு. வீட்டுக்கு வந்து, "நெலம் உன் பேர்ல, படம் உன் பேர்ல. அப்ப நான் யாரு, காவக்காரனா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, உன் அண்ணன் வீட்டுலயே போயி இரு"ன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். எல்லா வீட்டுலயும் சொல்றதுதான். இவ என்ன பண்ணணும்? ரெண்டு திட்டு திட்டணும், அடுப்படியில பாத்திரத்த ரெண்டு உருட்டு உருட்டணும். முடிஞ்சிருக்கும். இவ என்ன பண்ணா? காலைல எனக்கு இட்லிய ஊத்தி வச்சிட்டு மொத பஸ்ஸுக்குப் போயிட்டா. இட்லி எப்பவும் போலத்தான் இருந்துச்சு, பூவாட்டம். கோவத்துல ஊத்துன இட்லின்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ரெண்டு நாள்ல வந்துருவான்னு பாத்தேன். வரல. நான் போன் பண்ணா மச்சான்தான் எடுக்குறாரு. "தங்கச்சி நல்லாருக்கு மாப்ள, நீங்க சாப்பிட்டீங்களா?"ங்கிறாரு. சாப்பிட்டேன்னு சொல்லுவேன். வீடு ஒரு மாதிரியா இருக்கு தம்பி. எதுத்துப் பேச ஆளு இல்லாம நான் பேசுறது எனக்கே கேக்குது. 

இப்பதான் மெயினான எடத்துக்கு வாரேன், கேளுங்க.

அவ போனதுக்கு அப்புறம் ஒரு நாளு தண்ணிய வடிச்சு விடுவோம்னு பின்கோடிக்குப் போனேன். முன்னாடி உள்ள நெல்லு போச்சு, மொளைச்சு நாறிருச்சு, மாட்டுக்குக்கூட ஆவாது. அது தெரிஞ்சதுதான். பின்கோடியில பாத்தேன், எனக்குக் கண்ண நம்ப முடியல. தூயமல்லி காஞ்ச தரையில நிக்கிது! சொட்டுத் தண்ணி இல்ல. என்னடான்னு பாத்தா, வடிகால் ஓரத்து வரப்புல ஒரு வாய். அது வழியாத் தண்ணி எல்லாம் எறங்கிப் போயிருக்கு. 

நண்டு தம்பி! நண்டு வளை! எங்க பக்கம் வரப்புக்கு எமனே நண்டுதான். வளையப் போட்டு உள்ளுக்குள்ளயே தண்ணிய எறக்கிவிட்டுரும், வயல்ல நின்ன தண்ணி எங்கடான்னு நாம தேடிக்கிட்டு நிப்போம். வாழ்நாள் பூரா நண்டத் திட்டியிருக்கேன், அன்னிக்கு மட்டும் அதக் கையெடுத்துக் கும்புட்டேன். என் நேரம் நல்ல நேரம். ஆளக் கூப்புட்டு அரிவாளால அறுத்து, அடிச்சு, காயவச்சு, அரைச்சு, இதோ மடியில வச்சிருக்கேன். இதக் கொண்டுபோயி அவ முன்னாடி வச்சு, "பாத்தியா? நீ இல்லாமலே உன் தூயமல்லியக் காப்பாத்திட்டேன். என் தண்ணியும் நின்னுச்சு, உன் நெல்லும் நின்னுச்சு. நான் காவக்காரன் இல்ல"ன்னு சொல்லணும். சொல்லிட்டுக் கூப்பிடணும். அதுக்குத்தான் போறேன். போன ரெண்டு தடவையும் இதத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன், அதுல பாருங்க, தூக்கம் வந்துருச்சு.

அறுத்த மறுநாளு மச்சான் போன் பண்ணாரு. "பின்னாடி உள்ள தூயமல்லி அறுத்தாச்சா, மணி நல்லா இருக்கான்னு தங்கச்சி கேக்குது"ன்னாரு. அவளுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லல. ஊர்ல எவனோ போன் போட்டிருக்கான்.

என்ன கேட்டீங்க?

பின்னாடி தண்ணி எறங்குனா முன்னாடியும்தானே எறங்கியிருக்கணும்னா? பரவால்லையே, கோயமுத்தூர்க்காரரு கேள்வி கேக்குறீங்க. எறங்கியிருக்கும். ஆனா நடுவுல ஒரு வரப்பு இருந்துச்சு. முன்னாடி கெடயாது, அந்த மழைக்கப்புறம்தான். நெல்லுக்கு நடுவுல இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும், முழங்கால் ஒசரத்துக்கு, நல்லா அணைச்சு மிதிச்ச வரப்பு. சேறும் சருகும் தானா ஒதுங்கி அப்படி நின்னுருக்கும்னு நெனச்சேன். வெள்ளத்துல ஒதுங்கும் தம்பி. ஒதுங்காம என்ன? 

நேரா ஒதுங்குமாவா?

கயிறு புடிச்ச மாதிரி நேராத்தான் இருந்துச்சு.

நெல்லா? நிமிந்துதான் நின்னுச்சு. தூயமல்லி ஒசரமா வளர்ற நெல்லு, அதுதான் மொதல்ல சாயும், நீங்க கேக்குறது சரிதான். சாய்ஞ்சுதான் கெடந்துச்சு, நானே பாத்தேன். அப்புறம் நிமிந்து நின்னுச்சு. நாலஞ்சு நெல்லுத்தூர ஒண்ணாச் சேத்து, அதோட தாளாலயே சுத்தி முடி போட்டு, ஒண்ணுல ஒண்ணு சாஞ்சு நிக்கிற மாதிரி... காத்துல பின்னிக்கிச்சுன்னு நெனச்சேன். அறுக்க வந்த பொம்பளைங்ககூட, "யாருண்ணே இது, இம்புட்டுப் பொறுமையா முடிஞ்சிருக்கது?"ன்னு கேட்டாங்க. காத்து ஆத்தான்னேன். அதுங்க ஒண்ண ஒண்ணு பாத்துச் சிரிச்சுக்கிச்சுங்க.

நீங்களும் அதே மாதிரி சிரிக்கிறீங்க.

இருங்க தம்பி. கொஞ்சம் இருங்க. பேசாதீங்க.

மம்பட்டி வடிகால் ஓரத்துலதான் கெடந்துச்சு. நண்டு வளைக்குப் பக்கத்துலயே. நான் எடுத்துட்டு வந்து கழுவி வச்சேன். பக்கிரிசாமி பொண்டாட்டிதான் அங்க போட்டுட்டுப் போயிருக்கான்னு ரெண்டாவது தடவையும் போயித் திட்டிட்டு வந்தேன்.

அந்த வரப்ப ஒரு ஆளு போட்டிருந்தா ஒரு வாரம் ஆவும். ஆம்பள போட்டாலே ஆவும். சேத்துக்குள்ள நின்னுக்கிட்டு, சாய்ஞ்ச நெல்ல மிதிக்காம, ஒவ்வொரு கொத்தா அள்ளி வச்சு... இதுல நான் சோறு லேட்டுன்னு தட்டத் தள்ளிவிட்டேன்.

தம்பி, அவ நெனச்சிருந்தா அந்த நடு வரப்பே போடாம வடிகால் பக்கம் ஒரு வெட்டு வெட்டியிருக்கலாம். மம்பட்டி கையிலதான இருந்துச்சு? ஒரே வெட்டு, எல்லாத் தண்ணியும் எறங்கியிருக்கும், எல்லா நெல்லும் தேறியிருக்கும். எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது, நண்டுன்னுதான் நெனச்சிருப்பேன். வெட்டல. வரப்பப் போட்டு எனக்குத் தண்ணிய நிறுத்திக் குடுத்துட்டு, அதுக்கு அந்தப் பக்கம் அவ நெல்லப் பாத்துக்கிட்டிருக்கா. என் தண்ணிய அவ தொடல தம்பி. ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சுது, எங்கூடச் சேந்து கிறுக்குப் புடிச்ச வேல பாத்தது அவ ஒருத்திதான்.

இஞ்சின் நல்ல இஞ்சின்னேனே. பாதி வயலுதான ரொம்புச்சு, அதான் சட்டுன்னு ரொம்பிருச்சு.

இல்ல இல்ல, அழுவல. தூசி. ஜன்னலச் சாத்துங்க. சாத்தித்தான் இருக்கா? சரி.

ஆமா, நிவாரணம் எவ்வளவு வந்துச்சுன்னு கேக்க மறந்துட்டீங்களே. எல்லாருக்கும் ஒரே அளவுதான். தண்ணிய வடிச்சு அறுத்த பக்கிரிசாமிக்கும் அதேதான், வடிக்காம நின்ன எனக்கும் அதேதான். டெல்லி பாத்தாலும் அதான், பாக்காட்டியும் அதான். அவன் நெல்லும் எடுத்தான், நிவாரணமும் எடுத்தான். அதக்கூட நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல, டெல்லி என் வயல்லதான் நின்னுச்சுன்னே சொல்லிக்கிட்டுத் திரியிறேன்.

என்ன கண்டக்டரே? ஆலங்கரையா? வந்துருச்சா?

பாருங்க தம்பி, "இன்னிக்குத் தூக்கமா, மழையா?"ன்னு கேக்குறாரு. யோவ், தூக்கமும் இல்ல மழையும் இல்ல, விசிலு ஊது, எறங்குறேன். நல்லா நிறுத்து, கெழவன் எறங்குறது தெரியல?

அதோ, அந்தப் பச்சைக் கதவு வீடுதான். வாசல்ல மொறத்தோட நிக்கிறது அவதான். இந்த பஸ்ஸு வர்ற நேரத்துக்கு அவளுக்கு வாசல்ல என்ன வேலையோ. போன ரெண்டு தடவையும் நின்னா. நான் குனிஞ்சு செருப்ப மாட்டிக்கிட்டு இருந்தேன்.

என்ன சொல்லுவேன்னா? தெரியல தம்பி. சொல்லிப் பாத்து வச்சதெல்லாம் போச்சு. "தையலு, எங்க வயல்ல ஒரு நண்டு இருந்துச்சு, கோச்சுக்கிட்டு வந்துருச்சு, இந்தப் பக்கம் பாத்தியா?"ன்னு கேட்டுப் பாக்குறேன். சிரிச்சான்னா அடுத்த பஸ்ஸுல ரெண்டு பேரும் திரும்புவோம். சிரிக்கலன்னா வாசல்லயே உக்காந்துருவேன், மச்சான் வீட்டுல சாப்பாடு நல்லாத்தான் இருக்கும்.

நான் முதல்ல எறங்கிக்கிறேன், அந்தப் பைய ஜன்னல் வழியா எடுத்துக் குடுங்க. ரெண்டு கையாலயும் புடிங்க தம்பி. பாத்து, சிந்திராம. அவ அரிசி அது.